பேச்சொலியோடு விஎஸ் கோட்: நீட்சிகளை நிறுவுவது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்கோட்டில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பார்வை மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு நிரல் எழுதக் கற்றுக்கொடுத்து வருகிறேன். நானும் காதால் கேட்டே கணினியைப் பயன்படுத்துகிறவன். அரூர், பென்னாகரம், ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டை எனப் பல ஊர்களிலிருந்து வருகிறவர்கள் வகுப்பிலும், பிறகு வாரம் முழுக்கத் தொலைபேசியிலும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை ஓரிடத்தில் எழுதி வைத்தால் அவர்களுக்கும் எனக்கும் மூச்சு மிச்சம் என்பதால் இதை எழுதுகிறேன். விண்டோஸ் கணினி, திரையில் உள்ளதைப் பேசிக்காட்டும் என்விடிஏ திரைவாசிப்பான், நிரல் எழுத உதவும் விஎஸ் கோட் உரைத்தொகுப்பி ஆகிய மூன்றையும் வைத்தே விடைகள் அமைந்துள்ளன. மென்பொருள் ஆங்கிலத்தில் பேசுவதால், காதில் விழும் சொல்லையே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். ‘என்விடிஏ விசை’ என்று வரும் இடங்களில் இன்சர்ட் விசையையோ, அமைப்பில் தேர்ந்தெடுத்திருந்தால் கேப்ஸ் லாக் விசையையோ கொள்ளவும்.

கேள்வி: நீட்சி என்றால் என்ன? என்விடிஏவின் ஆட்-ஆனும் இதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. புதிதாக வருகிறவர்களில் பலர் குழம்பும் இடம் இதுதான். எக்ஸ்டென்ஷன் எனப்படும் நீட்சி, விஎஸ் கோட் என்ற உரைத்தொகுப்பிக்குள் சேர்ந்து அதற்குப் புதிய வேலையொன்றைக் கற்றுக்கொடுக்கிறது. பைத்தான் மொழியின் பிழைகளைக் கண்டுபிடிப்பதும் எழுத்துப்பிழை திருத்துவதும் அத்தகைய வேலைகள். ஆட்-ஆன் என்பது பேசுகிற என்விடிஏவுக்குள் சேர்ந்து, அது பேசும் முறையை மாற்றுகிறது. என்விடிஏவின் 2023.2 பதிப்பிலிருந்து ஆட்-ஆன்களுக்கென்று தனிக் கடையே அதற்குள் இருக்கிறது. ஆகவே ஏதோ ஒன்று கேட்கவில்லை என்றால், அந்தச் செய்தியை உரைத்தொகுப்பி தரவில்லையா, தந்தும் திரைவாசிப்பான் சொல்லவில்லையா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். முந்தையதை ஆட்-ஆன் சரிசெய்யாது. பிந்தையதை நீட்சி சரிசெய்யாது.

கேள்வி: நீட்சியை நிறுவுவதற்கு முன் எதையாவது சரிசெய்துகொள்ள வேண்டுமா?

வேண்டும். இதை நான் கட்டாயம் என்றே சொல்வேன். விஎஸ் கோட் பெரும்பாலும் திரைவாசிப்பான் ஓடுவதைத் தானே கண்டுகொள்ளும். திரைவாசிப்பான் பயன்படுத்துகிறீர்களா என்று கேட்டால் ‘யெஸ்’ கொடுங்கள். ஆல்ட்+எஃப்1 அழுத்தினால் அந்தந்த இடத்துக்குரிய அணுகல் உதவி திறக்கும். மடிக்கணினிகளில் சிலவற்றில் எஃப் வரிசை விசைகளுக்கு எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். எந்த விசையும் வேலை செய்யவில்லை என்று அழைக்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

அடுத்தது குரல். கதை படிக்கத் தமிழ்க் குரல் இனிமையானது. விண்டோஸில் கிடைக்கும் ‘வள்ளுவர்’ குரலும் என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் என்ற பேச்சு மென்பொருளின் தமிழும் இருக்கின்றன. ஆனால் அடைப்புக்குறியும் அரைப்புள்ளியும் ஆங்கிலச் சொல்லும் கலந்து வரும் நிரல் வரிக்கு ஆங்கிலக் குரலே பொருத்தம் என்பது என் அனுபவம். ஒவ்வொரு முறையும் குரலை மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. விஎஸ் கோட் முன்னால் திறந்திருக்கும்போது என்விடிஏ+கண்ட்ரோல்+பி (P) அழுத்தி, புதிய சுயவிவரம் (அமைப்புகளின் தொகுப்பு) ஒன்றை ‘கரன்ட் அப்ளிகேஷன்’ என்ற தேர்வோடு உருவாக்கினால், விஎஸ் கோடுக்குள் நுழையும்போது ஒரு குரலும் வெளியே வரும்போது பழைய குரலும் தானாக மாறிக்கொள்ளும். அந்தச் சுயவிவரத்திலேயே, என்விடிஏ+பி (P) மூலம் நிறுத்தற்குறிகளை ‘ஆல்’ அளவுக்கு உயர்த்துங்கள். என்விடிஏ+கண்ட்ரோல்+டி (D) அழுத்தி வரும் ஆவண வடிவமைப்பு அமைப்பில், வரியின் உள்தள்ளலை, அதாவது தொடக்கத்தில் விடும் இடைவெளியை, பேச்சாலோ ஒலியாலோ அறிவிக்கச் செய்யுங்கள். பைத்தானில் உள்தள்ளல்தான் இலக்கணம். அது காதில் விழாத ஒருவர் எத்தனை நீட்சிகளைச் சேர்த்தாலும், ‘இண்டென்டேஷன் எரர்’ என்ற செய்தியோடு மல்லுக்கட்டிக்கொண்டேதான் இருப்பார்.

கேள்வி: சுட்டியைத் தொடாமல், முதலிலிருந்து கடைசி வரை எப்படி நிறுவுவது?

கண்ட்ரோல்+ஷிஃப்ட்+எக்ஸ் அழுத்துங்கள். நீட்சிகள் பகுதி திறந்து, குவியம் (அழுத்தும் விசை போய்ச் சேரும் இடம்) தேடல் பெட்டியில் நிற்கும். வேண்டிய பெயரை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்து ஒரு கணம் பொறுங்கள். முடிவுகள் இணையத்திலிருந்து வர வேண்டும் என்பதால், வேகம் குறைந்த இணைப்பில் பட்டியல் வெறுமையாகவே சற்று நேரம் இருக்கும். டேப் விசையைச் சில முறை அழுத்தினால் வழியில் ஒன்றிரண்டு பொத்தான்களைத் தாண்டிப் பட்டியலுக்குள் நுழைவீர்கள். கீழ் அம்புக்குறியால் நகர்ந்தால் ஒவ்வொரு நீட்சியின் பெயர், பதிப்பு, வெளியிட்டவர், ஒரு வரி விளக்கம் ஆகியவை கேட்கும்.

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். என்டர் அழுத்தினால் அந்த நீட்சியின் விவரப் பக்கம் திறக்கும். அது ஓர் இணையப் பக்கம் போன்றது. ஆகவே அம்புக்குறிகளுக்குப் பேசாமல் இருந்தால் என்விடிஏ+ஸ்பேஸ் அழுத்தி உலாவல் முறைக்கு மாறுங்கள். பிறகு ஹெச் எழுத்தால் தலைப்பு தலைப்பாகத் தாவிப் படிக்கலாம். விளக்கம் முழுக்கப் படங்களாகவும் அசையும் காட்சிகளாகவும் இருந்து, ‘கிராஃபிக், கிராஃபிக்’ என்பதைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை என்றால், அந்த நீட்சி எழுதியவருக்கு நம்மைப் போன்றவர்கள் நினைவில் இல்லை என்று கொள்ளலாம். இது தவறாமல் பலிக்கும் சோதனை அல்ல. ஆனால் என்னைப் பெரும்பாலும் ஏமாற்றியதில்லை.

மனம் ஒப்பினால் டேப் விசையால் ‘இன்ஸ்டால்’ பொத்தானுக்குச் சென்று என்டர் அழுத்துங்கள். ஒரு வெளியீட்டாளரிடமிருந்து முதன்முறையாக நிறுவும்போது, அவரை நம்புகிறீர்களா என்று கேட்கும் பெட்டி வரும். 2025 ஜனவரிப் பதிப்பில் வந்த ஏற்பாடு இது. பேச்சு வேகமாக ஓடிவிட்டால் பெட்டி வந்ததே தெரியாமல், நிறுவல் நின்றுவிட்டதாக நினைத்துக் காத்திருப்போம். சந்தேகம் வந்தால் என்விடிஏ+டேப் அழுத்திக் குவியம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். நம்புவதாகச் சொல்லும் பொத்தானைத் தேர்ந்த பிறகே வேலை தொடரும்.

கேள்வி: நிறுவி முடிந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? எந்த அறிவிப்பும் கேட்கவில்லையே?

பார்வையுள்ளவருக்கு ஒரு சிறு கோடு ஓடி முடிவது போதும். நமக்கு அது கேட்பதில்லை. அதே விவரப் பக்கத்தில் மறுபடியும் டேப் அழுத்திச் செல்லுங்கள். ‘இன்ஸ்டால்’ இருந்த இடத்தில் ‘டிஸேபிள்’, ‘அன்இன்ஸ்டால்’ ஆகியவை கேட்டால் முடிந்துவிட்டது. ‘ரீஸ்டார்ட் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்று கேட்டால் அதையும் அழுத்த வேண்டும். இன்னொரு வழி, நீட்சிகளின் தேடல் பெட்டியில் அட் குறியிட்டு, இடைவெளி விடாமல் ‘இன்ஸ்டால்டு’ என்று ஆங்கிலத்தில் எழுதுவது. உங்களிடம் இருப்பவை மட்டும் பட்டியலில் வரும்.

கேள்வி: ஒரே பெயரில் நாலைந்து வருகின்றன. போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

பெயரை நம்ப வேண்டாம். வெளியிட்டவரின் பெயரையும் அடையாளக் குறியையும் எழுத்தெழுத்தாகக் கேளுங்கள். விவரப் பக்கத்தில் ‘ஐடென்டிஃபையர்’ என்ற தலைப்பின் கீழ், வெளியிட்டவர் பெயர், ஒரு புள்ளி, நீட்சியின் பெயர் என்ற வரிசையில் அந்தக் குறி இருக்கும். உலாவல் முறையில் வலது அம்புக்குறியால் ஒவ்வோர் எழுத்தாகக் கடந்தால், எல் எழுத்துக்குப் பதில் ஒன்று என்ற எண்ணைப் போட்டிருக்கும் தந்திரம் கண்ணுக்குத் தப்பினாலும் காதுக்குத் தப்பாது. இந்த ஒரு விஷயத்தில் பார்வையுள்ள நண்பர்களைவிட நாம் ஒரு படி மேல் என்று வகுப்பில் சொல்லிச் சிரிப்போம். எத்தனை முறை நிறுவப்பட்டது என்ற எண்ணிக்கையையும் கேளுங்கள். புகழ்பெற்ற நீட்சியின் பெயரைத் தாங்கிக்கொண்டு சில நூறு பேர் மட்டுமே நிறுவியதாக இருந்தால் விலகிவிடுங்கள். நீட்சி என்பது உங்கள் கணினியில், உங்கள் உரிமைகளோடு ஓடும் நிரல் என்பதை மறக்கக் கூடாது.

கேள்வி: எங்கள் ஊரில் சிக்னல் சரியாகக் கிடைப்பதில்லை. இணையம் இல்லாமல் நிறுவ முடியுமா?

முடியும். வத்தல்மலைப் பக்கத்திலிருந்தும் தேன்கனிக்கோட்டைக்கு அப்பாலுள்ள மலைக்கிராமங்களிலிருந்தும் வருகிறவர்களுக்கு நாங்கள் பென் டிரைவில்தான் கொடுத்தனுப்புகிறோம். இணையம் உள்ள கணினியில் நீட்சிகளின் பட்டியலில் வேண்டியதன் மேல் நின்று ஷிஃப்ட்+எஃப்10 அழுத்தினால் சூழல் பட்டி வரும். அதில் ‘டவுன்லோட் விஎஸ்ஐஎக்ஸ்’ என்பதைத் தேர்ந்தால் நீட்சி ஒரே கோப்பாக இறங்கும். வீட்டுக் கணினியில் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+பி (P) அழுத்தி, கட்டளைப் பெட்டியில் ‘இன்ஸ்டால் ஃப்ரம் விஎஸ்ஐஎக்ஸ்’ என்று தேடி என்டர் அழுத்தினால் கோப்பைத் தேர்ந்தெடுக்கும் வழக்கமான விண்டோஸ் பெட்டி திறக்கும்.

கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான முனையத்தில் எழுதப் பழகியவர்களுக்கு இதைவிட எளிய வழி உண்டு. தொலைபேசியில் நான் சொல்லும் வரிசையிலேயே தருகிறேன்: கோட் என்ற சொல், ஓர் இடைவெளி, இரண்டு கழித்தல் குறி, அவற்றை ஒட்டியே இன்ஸ்டால், ஒரு கழித்தல் குறி, எக்ஸ்டென்ஷன், மறுபடி ஓர் இடைவெளி, பிறகு கோப்பின் பெயர். முடிந்ததும் வெற்றியா தோல்வியா என்பதை முனையம் ஒரு வரியில் எழுதிவிடும். பொத்தான் மாறியதா என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்பதால், இணையம் நன்றாக உள்ளவர்களுக்கும் நான் இதையே பரிந்துரைப்பேன்.

இரண்டு எச்சரிக்கைகள். சில நீட்சிகள் தம்மோடு வேறு சிலவற்றையும் எதிர்பார்க்கும். மைக்ரோசாஃப்டின் பைத்தான் நீட்சியை இணையத்தில் நிறுவினால் அதன் துணை நீட்சியான பைலான்ஸும் கூடவே வந்து சேரும், பென் டிரைவில் கொண்டுபோனால் நீங்கள்தான் அதையும் எடுத்துச் செல்ல வேண்டும். மேலும், சில நீட்சிகளின் கோப்பு விண்டோஸுக்கு வேறு, லினக்ஸுக்கு வேறு.

கேள்வி: பைத்தான் நீட்சியை நிறுவிவிட்டேன். ஆனாலும் நிரல் ஓடவில்லையே?

நீட்சி என்பது பைத்தான் மொழி அல்ல. மொழியைத் தனியாக நிறுவ வேண்டும். விண்டோஸில் அதை நிறுவும்போது ‘பாத்’ எனப்படும், விண்டோஸ் நிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியலில் சேர்க்கச் சொல்லும் தேர்வுப் பெட்டியைக் குறியிட மறக்காதீர்கள்.

கேள்வி: ஒரு நீட்சியை நிறுவிய பிறகு, நிரலை ஓட்டும் விசையை அழுத்தினால் பேச்சே நின்றுவிடுகிறது. கணினி கெட்டுவிட்டதா?

சென்ற ஆண்டு காரிமங்கலத்திலிருந்து ஒரு மாணவர் இரவு பத்து மணிக்கு அழைத்து, “அண்ணா, ரன் பண்ணினா என்விடிஏ செத்துப்போயிட்டு மறுபடி உயிர் வருது” என்றார். அவர் சொன்ன வார்த்தைகளிலேயே விடையும் இருந்தது. கோட் ரன்னர் என்ற நீட்சி, நிரலை ஓட்டுவதற்கு வைத்திருக்கும் குறுக்குவிசை கண்ட்ரோல்+ஆல்ட்+என். என்விடிஏவைத் தொடங்குவதற்கு விண்டோஸ் மேசைத்தளத்தில் வைக்கப்பட்டிருக்கும் குறுக்குவிசையும் அதே கண்ட்ரோல்+ஆல்ட்+என். அழுத்தும் விசையை விண்டோஸ் முதலில் பிடித்துக்கொண்டு, ஓடிக்கொண்டிருக்கும் என்விடிஏவை நிறுத்தி மறுபடியும் தொடங்குகிறது. நீட்சிக்குச் செய்தியே போவதில்லை. அடுத்த விசையை நேராக நிரலுக்கு அனுப்பும் என்விடிஏ+எஃப்2 கூட இங்கே உதவாது, ஏனெனில் விசையைப் பிடிப்பது என்விடிஏ அல்ல.

என்விடிஏவின் குறுக்குவிசையை எடுத்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். கூடவே கூடாது. பேச்சு நின்று திண்டாடும் நேரத்தில் நம் கையில் இருக்கும் ஒரே கயிறு அது. நீட்சியின் விசையை மாற்றுங்கள். கண்ட்ரோலை அழுத்தியபடியே கே, பிறகு எஸ் என்று அடுத்தடுத்து அழுத்தினால் குறுக்குவிசைகளின் பட்டியல் திறக்கும். தேடல் பெட்டியில் ‘ரன் கோட்’ என்று ஆங்கிலத்தில் எழுதி, டேப் விசையால் பட்டியலுக்குச் சென்று, உரிய வரியில் என்டர் அழுத்தி, புதிய விசைகளை அழுத்தி, மறுபடியும் என்டர் அழுத்துங்கள். புதிய விசைகள் வேறு எதற்கும் பயன்படுகின்றனவா என்பதையும் அதே பட்டியலில் தேடிப் பார்க்கலாம்.

அதே நீட்சியில் இன்னொரு சிக்கல். நிரல் பயனரிடம் எதையாவது கேட்டால், தட்டச்சு செய்ய முடியாமல் நிற்கும். வெளியீட்டுப் பலகம் படிப்பதற்கு மட்டுமானது என்பதே காரணம். கண்ட்ரோல்+காற்புள்ளி அழுத்தி அமைப்புகளைத் திறந்து, ‘ரன் இன் டெர்மினல்’ என்று தேடிக் குறியிட்டால் நிரல் முனையத்தில் ஓடும். முனையத்தில் வந்த விடையை நிதானமாக வரிவரியாகப் படிக்க ஆல்ட்+எஃப்2.

கேள்வி: நீட்சி வந்த பிறகு, தட்டச்சு செய்யும்போதெல்லாம் இடையில் ஏதேதோ பேசுகிறது. நிறுத்த முடியுமா?

நீங்கள் எழுதத் தொடங்கும் சொல்லை ஊகித்து நீட்சி தரும் பரிந்துரைகள்தான் அவை. கண்ணால் பார்ப்பவர் அவற்றைப் பொருட்படுத்தாமல் கடந்துவிடுவார். நமக்கோ நாம் தட்டிய எழுத்தின் மேலேயே அந்தப் பேச்சு ஏறி விழுகிறது. அமைப்புகளில் ‘குயிக் சஜஷன்ஸ்’ என்பதைத் தேடி அணைத்துவிட்டால், நீங்கள் கண்ட்ரோல்+ஸ்பேஸ் அழுத்திக் கேட்கும்போது மட்டும் பரிந்துரை வரும். ‘அக்செப்ட் சஜஷன் ஆன் என்டர்’ என்பதையும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த வரிக்குப் போக அழுத்திய என்டர், நீங்கள் கேட்காத சொல்லொன்றை வரிக்குள் திணித்துவிட்டுப் போகும். அந்தப் பிழையைக் காதால் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

கேள்வி: எந்த நீட்சிகளை நிறுவலாம், எவற்றைத் தவிர்க்கலாம்?

நிற மாற்றங்கள், சின்னங்கள், அடைப்புக்குறிகளுக்கு வண்ணம் பூசுபவை ஆகியவற்றை முழுப் பார்வையின்மை உள்ளவர்கள் தொட வேண்டியதில்லை. குறைபார்வை உள்ளவர்களுக்கு நிற வேறுபாடு மிகுந்த தோற்றம் பயன்படலாம், ஆனால் அது விஎஸ் கோடிலேயே இருக்கிறது. நான் பார்க்கும் அளவுகோல் ஒன்றுதான்: நீட்சி கண்டுபிடித்ததைக் காதுக்குக் கொண்டுவர ஒரு விசை இருக்கிறதா? பிழைகளின் கீழ் வளைகோடு போடும் நீட்சிகள் இதில் தேறிவிடுகின்றன. எஃப்8 அழுத்தினால் அடுத்த பிழைக்குத் தாவி, என்ன பிழை என்பதையும் சொல்லும். எஸ்கேப் அழுத்தினால் மூடிக்கொள்ளும். கண்ட்ரோல்+ஷிஃப்ட்+எம் எல்லாப் பிழைகளையும் பட்டியலாகத் தரும்.

கோட் ஸ்பெல் செக்கர் இவ்வகையில் நல்ல நீட்சி. ஆங்கில எழுத்து ஒன்று மாறிப்போனாலும் ஒலி ஏறக்குறைய ஒன்றாகவே கேட்பதால், எழுத்துப்பிழை நமக்கே அதிகம் தப்பும். ஆனால் ஒன்று: கிருஷ்ணகிரி மாங்காய் மண்டிக் கணக்குக்காக நிரல் எழுதிய ஒரு மாணவர், மாறிகளுக்கு மாங்காய், கூடை, வண்டி, வாடகை என்று தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் பெயராக வைத்திருந்தார். எஃப்8 அழுத்தும்போதெல்லாம் கூடையிலும் வண்டியிலும் நின்று நின்று போனதில், உண்மையான பிழை கடைசிவரை வரவே இல்லை. அத்தகைய சொல்லின் மேல் நின்று கண்ட்ரோல்+புள்ளி அழுத்தினால், அதை அகராதியில் சேர்க்கும் தேர்வு கிடைக்கும். சேர்த்துவிட்டால் பிறகு தொல்லை இல்லை.

கேள்வி: பல நீட்சிகளைச் சேர்த்த பிறகு பேச்சு திக்குகிறது, சில நேரம் எதுவுமே கேட்பதில்லை. எது காரணம் என்று எப்படி அறிவது?

ஒரே நாளில் பத்து நீட்சிகளை நிறுவியவருக்கே இந்தக் கேள்வி வரும். ஒன்றை நிறுவி, இரண்டு மூன்று நாள் எழுதிப் பார்த்து, பிறகு அடுத்ததற்குப் போகிறவருக்குக் காரணம் தானே தெரிந்துவிடும். நடந்தது நடந்துவிட்டது என்றால், கட்டளைப் பெட்டியில் ‘எக்ஸ்டென்ஷன் பைசெக்ட்’ என்று தேடித் தொடங்குங்கள். விஎஸ் கோட் நீட்சிகளில் பாதியை அணைத்துவிட்டு, சிக்கல் இன்னும் இருக்கிறதா என்று கேட்கும். உங்கள் பதிலைக் கொண்டு மீதியை மறுபடி பாதியாக்கும். 16 நீட்சிகள் இருந்தால் நான்கைந்து சுற்றில் குற்றவாளி அகப்பட்டுவிடும். கேள்வி அறிவிப்பாக வருவதால், அது காதில் விழவில்லை என்றால் கட்டளைப் பெட்டியில் ‘ஷோ நோட்டிஃபிகேஷன்ஸ்’ என்று தேடிப் படியுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது பழைய மடிக்கணினி. நீட்சிகள் ஓடுமா?

விண்டோஸ் 7 என்றால் விஎஸ் கோடின் 1.70.3 பதிப்போடு வழி முடிந்துவிடுகிறது. 32 பிட் விண்டோஸுக்கு 1.83 கடைசி. என்விடிஏவும் 2024.1 பதிப்பு முதல் விண்டோஸ் 7இல் ஓடாது. பழைய விஎஸ் கோடுக்கு ஒத்துவரும் பழைய நீட்சிப் பதிப்பை மென்பொருளே தேடித் தர முயலும் என்றாலும், பென் டிரைவில் கொண்டுவந்த புதிய கோப்பு பொருந்தாது என்று மறுக்கப்படலாம். அத்தகைய கணினியில் நோட்பேட்++ என்ற எளிய உரைத்தொகுப்பியே போதும் என்பேன், அதில் 7.6 பதிப்பு முதல் ‘பிளகின்ஸ் அட்மின்’ என்ற பெட்டியிலேயே செருகுநிரல்களைத் தேர்ந்து நிறுவலாம். 32 பிட் செருகுநிரல் 64 பிட் நோட்பேட்++இல் ஓடாது என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

லினக்ஸ் பழகியவர்களுக்கு ஈமேக்ஸ்பீக்கும் உண்டு. பார்வையற்ற கணினி அறிஞரான டி. வி. ராமன் 1995இல் வெளியிட்ட அது, ஈமேக்ஸ் உரைத்தொகுப்பிக்கு உள்ளிருந்தே பேசுகிறது. திரையில் உள்ளதை வெளியே நின்று படிப்பதற்கும், இந்த வரி குறிப்புரை, இந்தச் சொல் செயற்கூறின் பெயர் என்று அறிந்து குரலை மாற்றிப் படிப்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்டுத்தான் உணர வேண்டும். கற்றுக்கொள்ள நாளாகும்.

கேள்வி: வேண்டாத நீட்சியை எப்படி நீக்குவது?

நீட்சிகள் பட்டியலில் அதன் மேல் நின்று ஷிஃப்ட்+எஃப்10 அழுத்தி ‘அன்இன்ஸ்டால்’ கொடுங்கள். மறுபடி தேவைப்படலாம் என்று தோன்றினால் ‘டிஸேபிள்’ போதும். மறுநாள் திரும்ப இயக்க அதே பட்டியில் ‘எனேபிள்’ இருக்கும். நீட்சியை நீக்கினாலும், அதற்காக நீங்கள் மாற்றிய அமைப்புகளும் குறுக்குவிசைகளும் அப்படியே இருக்கும். அவற்றைத் தனியே பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.